கூப்பிட மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்: பிரிட்டனில் குவேக்கர் உறுப்பினராவது

ஊரில் சபை மாறுவது நமக்குப் பழகிய வேலை. ஞானஸ்நானச் சான்றிதழ், பழைய போதகரின் கடிதம், சந்தா பாக்கி இல்லை என்றொரு சீட்டு. நாலு ஞாயிறு போனால் போதகரே வீடு தேடி வந்து பெயரை எழுதிக்கொள்வார். கிறிஸ்தவத்தில் வேர்கொண்ட, மௌன ஆராதனை செய்யும் குழுவான பிரிட்டன் குவேக்கர்களிடம் இது எதற்கும் வேலை இல்லை. போதகர் கிடையாது, ஞானஸ்நானம் கிடையாது, திருவிருந்து கிடையாது, சொல்லி ஒப்புக்கொள்ள விசுவாசப் பிரமாணமும் கிடையாது. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் மௌனமாக உட்கார்வார்கள். உள்ளே உந்துதல் வந்தவர் எழுந்து பேசுவார். மூப்பர்கள் இருவர் கைகுலுக்கினால் ஆராதனை முடிந்தது.

பலர் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். குவேக்கர்கள் யாரையும் "உறுப்பினராகச் சேருங்கள்" என்று சொல்வது அபூர்வம். சொன்னால் நெருக்குவதாகிவிடும் என்று தயங்குவார்கள். நாமோ, கூப்பிடாத இடத்தில் போய்க் கேட்பதா என்று கூச்சப்படுவோம். இப்படியே மூன்று, நான்கு வருடம் ஓடிவிடும். இதற்கிடையில் தேநீர்க் கோப்பை கழுவியிருப்பீர்கள், நாற்காலி அடுக்கியிருப்பீர்கள், மாதாமாதம் பணமும் போய்க்கொண்டிருக்கும். அச்சிட்ட பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கும். பட்டியலின் தலைப்பைப் பாருங்கள்: உறுப்பினர்கள், அட்டெண்டர்கள் (உறுப்பினராகாமல் ஆராதனைக்கு வருபவர்கள்) இருவரும் அதில்தான் இருப்பார்கள். நீங்கள் அட்டெண்டர். எத்தனை வருடம் வந்தாலும், எவ்வளவு கொடுத்தாலும், விண்ணப்பிக்காதவர் அட்டெண்டர்தான். வட்டாரக் கூட்டத்தில் (ஏரியா மீட்டிங்) உட்கார வேண்டுமென்றால், அதை நடத்தித் தீர்மானம் எழுதும் கிளார்க்கிடம் முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டியிருக்கும்போதுதான் இது உறைக்கும்.

அடுத்த தவறு, கடிதத்தை யாருக்கு எழுதுவது என்பதில். நீங்கள் ஞாயிறுதோறும் போகும் உள்ளூர்க் கூட்டத்துக்கு உங்களைச் சேர்க்கும் அதிகாரம் இல்லை. பல உள்ளூர்க் கூட்டங்கள் சேர்ந்த ஏரியா மீட்டிங்தான் உறுப்பினர் பதிவை வைத்திருக்கிறது. கடிதம் அதன் கிளார்க்குக்குப் போக வேண்டும். உள்ளூரில் யாரிடமாவது வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு, அவர் பார்த்துக்கொள்வார் என்று காத்திருக்காதீர்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். எந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு காலமாக வருகிறீர்கள், ஏன் சேர விரும்புகிறீர்கள். கோவிலுக்கோ வேறு சபைக்கோ தொடர்ந்து போகிறீர்கள் என்றால் அதையும் எழுதிவிடுங்கள். மறைத்துவிட்டு உண்மையைப் போற்றும் கூட்டத்தில் சேர்வது அழகல்ல. வழக்கமான முறையில், ஏரியா மீட்டிங் இரண்டு பேரை நியமிக்கும். அவர்கள் உங்களைச் சந்தித்துப் பேசி, அறிக்கை எழுதுவார்கள். அதன்மேல் கூட்டம் முடிவெடுக்கும். ஓட்டெடுப்பு இல்லை. கிளார்க் தீர்மானத்தை அங்கேயே எழுதி வாசிப்பார், கூடியிருப்பவர்கள் "ஹோப் சோ" (அப்படியே ஆகட்டும்) என்று ஒப்புதல் சொல்வார்கள். அவ்வளவுதான், நீங்கள் உறுப்பினர். சில வட்டாரங்கள் வேறு முறை வைத்திருக்கின்றன, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் இடத்தில், நியமனம் ஒரு கூட்டத்தில், அறிக்கை அடுத்ததில் என்று நாலு மாதமாவது ஆகும். தாமதத்தை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வருகிற இருவருக்கும் பிரியாணி போட்டுத் திணறடிக்காதீர்கள். தேநீரும் இரண்டு வடையும் போதும். சார், மேடம் வேண்டாம், பட்டங்களை இவர்கள் விரும்புவதில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், நமக்கு நாக்கு கூசினாலும். இது நேர்முகத் தேர்வும் இல்லை. எல்லாவற்றுக்கும் "ஆமாம், நம்புகிறேன்" என்று தலையாட்டினால்தான் சந்தேகப்படுவார்கள். போரை மறுக்கும் அவர்கள் நிலைப்பாட்டில் உங்களுக்குத் தயக்கம் இருந்தால், நம்மில் பலருக்கு அதற்குக் காரணமும் உண்டு, அதையே பேசுங்கள்.

நிர்ணயித்த சந்தா இல்லை. வருடத்துக்கு ஒருமுறை பொருளாளர் கடிதம் அனுப்புவார், முடிந்ததைக் கொடுக்கலாம். கிஃப்ட் எய்ட் படிவத்தை மட்டும் யோசித்துக் கையெழுத்திடுங்கள். நீங்கள் 100 பவுண்ட் கொடுத்தால் அரசு 25 பவுண்ட் சேர்க்கும், நீங்கள் அந்த 25 பவுண்ட் அளவுக்காவது வரி கட்டியிருந்தால். வரி கட்டாத மாணவர் கையெழுத்திட்டால் அந்த 25 பவுண்டை வரித்துறை அவரிடமே கேட்கலாம்.

வேறு ஊருக்கு வீடு மாறினால் பழைய கிளார்க்குக்கு எழுதி, உறுப்பினர் பதிவைப் புதிய வட்டாரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அதுவும் தானாக நடக்காது.