புழு குறைய வேண்டுமென்றால் பறவைத் தீனியை எங்கே, எப்போது, எவ்வளவு வைப்பது?

பறவைக்குத் தீனி வைத்துப் பழக்கினால் அது புழு பிடிப்பதை விட்டுவிடாதா என்று தோட்டம் போடுகிறவர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். விட்டுவிடாது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடப் பொரித்த குஞ்சுக்குப் புழுவையும் பூச்சியையும்தான் தேடி வந்து ஊட்டும். நாம் யோசிக்க வேண்டியது வேறு. நாம் வைக்கிற தீனி எந்தப் பறவையைக் கூப்பிடுகிறது? வந்த பறவை எந்த இடத்தில் மேய்கிறது? இந்த இரண்டும் சரியாக அமைந்தால் தீனி உதவும். அமையாவிட்டால் புழு அப்படியே இருக்கும், விதைத்த கீரைதான் காணாமல் போகும்.

எங்கள் வீடு கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் 12 சென்ட்டில் கத்தரி, வெண்டை, அவரை, தக்காளி, கீரை, ஓரத்தில் முருங்கை, எலுமிச்சை, பப்பாளி. மருந்து அடிப்பதில்லை. அதனால் எந்தப் பறவை என்ன வேலை செய்கிறது என்பதில் எனக்குத் தனி அக்கறை.

முதலில் தீனி எதுவும் வைக்காமல் சில நாள் காலை ஆறரை மணிக்குத் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். தையல்சிட்டு கட்டாயம் வரும். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். வெண்டை இலையைச் சுருட்டி உள்ளே ஒளிந்திருக்கும் புழுவை அது எடுக்கும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சுருளின் ஒரு முனையில் அலகை விட்டுப் பிரிக்கும், புழு மறுமுனைக்கு நகரும், குருவி ஒரே தாவலில் அந்தப் பக்கம் போய் இழுத்துவிடும். கிளையில் இரண்டு தட்டு தட்டி விழுங்கிவிட்டு அடுத்த இலைக்குப் போகும். தவிட்டுக்குருவி கூட்டமாக வந்து சருகைப் புரட்டும். கரிச்சான், அதாவது இரட்டைவால் குருவி, கம்பியில் உட்கார்ந்து பறக்கிற பூச்சியைப் பிடிக்கும். பொழுது சாய்ந்த பிறகும் அது வேலை செய்யும் என்பதால் அந்துப்பூச்சியும் மாட்டும். முட்டையிடும் முன்பே ஒரு தாய்ப்பூச்சி போய்விட்டால் அதன் புழுக்கள் அத்தனையும் மிச்சம். முருங்கைக் கம்பளிப்பூச்சியை மற்றவை தொடத் தயங்கும். செண்பகமும் குயில் இனங்களும் அந்த மயிர்ப்புழுக்களைத் தின்னும்.

இப்போது இன்னொரு கூட்டத்தைப் பாருங்கள். மாடப்புறா, புள்ளிப்புறா, சில்லை. எங்கள் பக்கம் மயிலும் உண்டு. கம்பு, அரிசி, சோளம் வைத்தால் முதலில் வருவது இவைதான். புறா தன் குஞ்சுக்குக்கூடப் புழு ஊட்டாது, தொண்டைப்பையில் சுரக்கும் பால் போன்ற கூழைத்தான் ஊட்டும். ஆக, தோட்டத்தில் பத்து புறா பெருகினாலும் உங்கள் கத்தரிக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. மயில் புழுவும் தின்னும்தான், ஆனால் நாற்றையும் தக்காளியையும் விடாது. ஒருமுறை தானியத்துக்குப் பழகிவிட்டால் நேரம் தவறாமல் வந்து நிற்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அதைப் பிடிக்கவோ கொல்லவோ முடியாது. கூப்பிடாமல் இருப்பதுதான் வழி.

இது என் தோட்டத்து அனுபவம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் வீட்டுத் தோட்டங்களில் ஒன்றரை வருடம் ரொட்டியும் தானியமும் வைத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. தீனி வைத்த தோட்டங்களில் சிட்டுக்குருவியும் புள்ளிப்புறாவும் கூடின. புழுபூச்சி தின்னும் அந்த ஊர்ச் சிறு கதிர்க்குருவி ஒன்று குறைந்தது. அங்கே பெருகிய இரண்டும் வெளியிலிருந்து கொண்டுபோய் விட்டவை, நம் ஊரிலும் இருப்பவை. தானியத்தை அள்ளிக் கொட்டினால் நடப்பது இதுதான்.

அதனால் என் தோட்டத்தில் தானியத் தீனி கிடையாது. மைனா, சின்னான் (கொண்டைக்குருவி), தவிட்டுக்குருவி மாதிரி, பூச்சியையும் மற்றதையும் கலந்து தின்னும் பறவைகளுக்குப் பிடித்ததை மட்டும் வைக்கிறேன். கனிந்த வாழைப்பழத் துண்டு, பப்பாளியின் கடைசித் துண்டு, உப்புப் போடாத சாதம் ஒரு கைப்பிடி. மிக்சர், ரொட்டி, ஊறுகாய் கலந்த மீதிச் சோறு வேண்டாம். சின்னான் பழுத்த தக்காளியைக் கொத்தும் என்பது உண்மை, அதற்குக் காய் நிறம் மாறும்போதே பறித்து வீட்டுக்குள் பழுக்க வைத்தால் போதும்.

காக்கைக்குச் சோறு வைக்காமல் எங்கள் அத்தை சாப்பிட மாட்டார். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் காக்கை சிறு குருவிகளின் முட்டையையும் குஞ்சையும் தூக்கும். எனவே காக்கைச் சோறு வீட்டின் முன்பக்கச் சுவரில், குருவித் தீனி பின்பக்கத்தில். நடுவில் வீடு இருப்பதே போதுமான பிரிவு.

இடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். தீனித் தட்டுக்கு அருகில் பறவை வெறுமனே காத்திருக்காது, சுற்றியுள்ள செடிகளையும் மண்ணையும் துழாவும். இங்கிலாந்தின் ரெடிங் நகரத் தோட்டங்களில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். தீனி தொங்கிய இடத்துக்குப் பக்கத்தில் இருந்த செடிகளில், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக் கூட்டங்கள் அதிகம் காலியாயின. அது லாபம். ஆனால் தீனிக்கு அடியில் தரைவண்டுகளும் குறைந்தன. தரைவண்டு நத்தைக்குஞ்சையும் மண்ணில் கிடக்கும் புழுவையும் தின்னும் நண்பன், அது நஷ்டம். பறவைக்கு நன்மை செய்யும் பூச்சி, தீமை செய்யும் பூச்சி என்ற கணக்கு கிடையாது. சிலந்தியையும் கும்பிடுபூச்சியையும் சேர்த்தே தின்னும்.

ஆகவே தட்டை இலைப்புழு வரும் பாத்தியிலிருந்து பத்துப் பதினைந்து அடிக்குள் வையுங்கள். நான் அவரைப் பந்தல் காலில் தொங்கவிடுகிறேன். மூடாக்கு (மண்மேல் பரப்பும் சருகு, வைக்கோல்) போட்ட இடம், மக்குக் குழி, கீரை விதைத்த பாத்தி இவற்றை விட்டுத் தள்ளி இருக்கட்டும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் வைக்காமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பந்தலின் வேறு காலுக்கு மாற்றுங்கள், அடியிலுள்ள மண் மறுபடி உயிர் பிடிக்கும். தட்டு தொங்கும் கயிற்றில் கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவினால் எறும்பு ஏறத் தயங்கும். மாவுப்பூச்சியையும் அசுவினியையும் காவல் காத்து, அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டுவது எறும்புதான். செம்பருத்திக்குப் பக்கத்தில் சோற்றைப் போட்டு அதற்கு நாமே விருந்து வைக்க வேண்டாம்.

நேரம்: காலை முதல் வேட்டை முடியட்டும். ஒன்பது மணிக்கு மேல் வைத்தால், பறவை பசியோடு பாத்தியைச் சுற்றிவிட்டுத்தான் தட்டுக்கு வரும். அளவு: ஒரு மணி நேரத்தில் தீர வேண்டும். மீந்தால் மறுநாள் பாதி. இரவில் தட்டில் எதுவும் இருக்கக் கூடாது, எலி வரும்.

இவ்வளவு சொன்ன பிறகும், புழுக் கட்டுப்பாட்டில் தீனிக்கு நான் கடைசி இடம்தான் கொடுப்பேன். முதல் இடம் கூட்டுக்கு. நெதர்லாந்தில் ஆப்பிள் தோட்டங்களில் பட்டாணிக்குருவி இனத்துக்குக் கூட்டுப்பெட்டி வைத்த ஆய்வு 2002-ல் வந்தது. பறவை வந்து குஞ்சு பொரித்த இடங்களில் மரத்துக்கு 4.7 கிலோவாக இருந்த காய்ப்பு 7.8 கிலோவானது. அங்கே கொடுத்தது வீடு. குஞ்சு வளர்க்கும் பறவை நாள் முழுக்கப் புழு தேடி அலையும், பக்கத்திலேயே தேடும். நம் ஊரில் சிட்டுக்குருவிக்கும் குண்டுகரிச்சானுக்கும் (இரட்டைவால் கரிச்சான் அல்ல, கருப்பு வெள்ளை நிறத்தில் இனிமையாகப் பாடும் வேறு பறவை) பெட்டி வைக்கலாம். சிட்டுக்குருவிக்கு ஒன்றேகால் அங்குல ஓட்டை போதும், குண்டுகரிச்சானுக்கு இன்னும் பெரிதாக வேண்டும். தையல்சிட்டுக்குப் பெட்டி தேவையில்லை, அகன்ற இலையுள்ள புதர் ஒன்றை வெட்டாமல் விட்டால் தானே இலையைத் தைத்துக்கொள்ளும்.

இரண்டாவது இடம் தாங்கிக்கு. வேளாண் துறையினர் ஏக்கருக்கு 20 என்று சொல்லும் டி வடிவப் பறவைத் தாங்கி காய்கறித் தோட்டத்துக்கும் பொருந்தும். 12 சென்ட்டுக்கு இரண்டு மூன்று போதும். செடியைவிட ஓரிரண்டு அடி உயரமாக நட்டால் கரிச்சான் உட்காரும். சோளமோ கம்போ போட்டிருந்தால் கதிர் பால் பிடிக்கும்போது தாங்கியைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் தானியம் தின்னும் பறவைக்கு அது வசதியாகிவிடும். மூன்றாவது, தண்ணீர். அகலமான மண் தட்டு, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், நடுவில் ஒரு கல். தினமும் கொட்டிவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு வளரும்.

சரி, பறவை உண்மையில் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பச்சை நிறத்தில் வாங்கி, ஓர் அங்குல நீளத்துக்குப் புழு மாதிரி உருட்டுங்கள். மெல்லிய கம்பியால் இலைக்காம்பில் கட்டுங்கள். தீனித் தட்டுக்குப் பக்கத்தில் பாதி, தோட்டத்தின் மறுகோடியில் பாதி. நாலைந்து நாள் கழித்துக் கழற்றிப் பாருங்கள். அலகுத் தடம் கூர்மையான முக்கோணக் குத்தாக, பெரும்பாலும் எதிரெதிராக இரண்டு இருக்கும். எலியின் பல் பக்கத்துப் பக்கத்தில் இரட்டைக் கோடாகச் சுரண்டும். ஓணான் கடித்தால் வளைவாகச் சிறு புள்ளிகள். எறும்பு கடித்தது ஊசிக் குழிபோல் இருக்கும். எந்தப் பக்கம் அலகுத் தடம் அதிகம் என்பதைப் பார்த்துத் தட்டை மாற்றுங்கள். இன்னும் உறுதி வேண்டுமானால், ஒரே வயதுள்ள இரண்டு வெண்டைச் செடியில் ஒன்றை மட்டும், அந்துப்பூச்சி நுழையும் ஆனால் குருவி நுழையாத அகலக் கண் வலையால் மூடி, இலை ஓட்டைகளை ஒப்பிடுங்கள்.

பறவையால் ஆகாத வேலையும் உண்டு. மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, சிலந்திப்பேன் ஆகியவற்றை எதிர்பார்க்காதீர்கள். 2008-ல் கோவையில் தென்பட்டுப் பரவிய பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது, 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. கத்தரிக் காய்க்குள் போய்விட்ட துளைப்பான் புழுவும் அலகுக்கு எட்டாது. அதே புழு துளைத்து வாடிய நுனிக்குருத்தைக் கிள்ளி அழிப்பது நம் கைவேலை.

கீரை விதைத்து முளைக்கும் வரை தட்டை எடுத்து வைத்துவிடுங்கள். அப்புறம், தட்டருகே உடலைச் சிலிர்த்துக்கொண்டு பறக்காமல் உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால் அன்றே தீனியையும் தண்ணீரையும் நிறுத்த வேண்டும். பிரிட்டனில் 2005 முதல் தொண்டை நோய் ஒன்று தீனி மேடைகள் வழியாகவும் பரவிப் கிரீன்ஃபின்ச் என்ற சிறு பறவைகளை ஏராளமாகக் கொன்றிருக்கிறது. தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் காயவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து, வேறு இடத்தில், பழைய அளவில் பாதி வைத்துத் தொடங்கலாம்.