ரத்தம் எடுக்கும்போதே ரிப்போர்ட் தப்பாகிவிடலாம்

குலசேகரம் பக்கம் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், வேலை முடிந்த கையோடு லேபுக்குச் சுகர் பார்க்க வருவார்கள். "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று கேட்டால், "ஒண்ணும் சாப்பிடல மக்கா" என்று பதில் வரும். உண்மைதான். ஆனால் சர்க்கரை போட்ட கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) ஒன்று உள்ளே போயிருக்கும். அதனால் "தண்ணி தவிர வேற என்ன குடிச்சீங்க, எத்தனை மணிக்கு?" என்று கேட்பதுதான் சரி. வெறும் வயிறு என்றால் குறைந்தது 8 மணி நேரம். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்.

எனக்கு அதிகக் கவலை தருவது ரத்தத்தில் உள்ள உப்புகளில் ஒன்றான பொட்டாசியத்தின் அளவு. நரம்பு தெரியவில்லை என்று கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, கையை மூடித் திறக்கச் சொல்லிக்கொண்டே இருந்தால் தசையிலிருந்து பொட்டாசியம் கசியும். பட்டை 1 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. சிரிஞ்சிலிருந்து ஊசி வழியாக டியூப்பில் வேகமாகப் பீய்ச்சினால் சிவப்பணு உடைந்து, அதற்குள் இருக்கும் பொட்டாசியமும் கலந்துவிடும். எல்லாவற்றையும்விட மோசம், ஊதா மூடி டியூப்பில் மிஞ்சியதைச் சிவப்பு மூடி டியூப்பில் ஊற்றுவது. ஊதாவில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் மருந்தே பொட்டாசியம் சேர்ந்த ஈடிடிஏ. பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். சிறுநீரக நோயாளிக்கு அப்படி ஒரு ரிப்போர்ட் போனால் தேவையில்லாத அவசர சிகிச்சை நடக்கும். நிஜமாகவே பொட்டாசியம் குறைந்தவருக்கோ 'நார்மல்' என்று வந்து ஆபத்து மறைந்துபோகும். டியூப்புகளை நிரப்புவதிலும் வரிசை உண்டு. கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) இருந்தால் அதுதான் முதலில். அப்புறம் நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல். நீல டியூப்பைக் கோடு வரை நிரப்பியே ஆக வேண்டும்.

கொல்லங்கோடு, தேங்காய்ப்பட்டணம் பக்கம் எடுத்த ரத்தம் பைக்கில் நாகர்கோவில் போய்ச் சேருவதற்குள் நேரம் ஓடிவிடும். சீரம் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீர்) பிரிக்காத ரத்தத்தில் அணுக்களே சர்க்கரையைத் தின்னும். சாதாரண வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சாம்பல் மூடி டியூப் இதைக் கட்டுப்படுத்தும், ஆனால் அதுவும் உடனே வேலை செய்யாது. சரி, ஐஸில் வைத்தால்? அணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும். எடுத்த இடத்திலேயே சீரம் பிரித்து அனுப்புவதே வழி.

பெயர் விஷயத்தில் நம் ஊரில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரே தெருவில் ஒரே இனிஷியலோடு இரண்டு மேரி இருப்பார்கள். "நீங்க மேரிதானே?" என்று கேட்டால் காது கேட்காத பாட்டியும் தலையாட்டுவார். பெயரையும் வயதையும் அவர்களையே சொல்லவிடுங்கள். ரத்தம் எடுத்ததும் அவர் முன்னாலேயே லேபிள் ஒட்டுங்கள். முன்கூட்டியே ஒட்டிவைத்த டியூப் எளிதில் கைமாறிவிடும்.

சிறுநீரில் முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். 2 மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் பிரிட்ஜில் வைக்கலாம். காசநோய்ச் சோதனைக்குப் பலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, வெளிக்காற்றில் நின்று, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளிதான் வேண்டும்.