ஏஐக்கு எந்தக் கோப்பைக் கொடுப்பது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

உப்புவெளியில் ஒரு விடுதிக்கு முன்பதிவு மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விருந்தினரின் தேசிய அடையாள அட்டை எண்ணைப் பதிந்தால் பிறந்த திகதி தானாக வர வேண்டும். சிலருக்குச் சரியாக வருகிறது, சிலருக்கு ஒரு நாள் தள்ளி வருகிறது. சரி, ஏஐயிடம் கேட்கலாம். அதற்கு எதைக் கொடுப்பீர்கள்?

திருகோணமலையில் கணினி படிக்கும் தம்பி தங்கைகள் பலர் புராஜெக்ட் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். ரீப்போமிக்ஸ் போன்ற கருவிகளால் அது எளிது. இடத்துக்கும் குறைவில்லை, 2024இல் வந்த கூகுளின் ஜெமினி 1.5 புரோவே 10 இலட்சம் டோக்கன் (உரையை ஏஐ பிரித்துப் படிக்கும் சிறு துண்டு) வரை ஏற்றது. ஆனால் உள்ளே போனதையெல்லாம் ஏஐ மாதிரி (மொடல்) ஒரே அளவு கவனிப்பதில்லை. நீண்ட உள்ளீட்டின் தொடக்கத்திலும் கடைசியிலும் இருப்பதை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் மாதிரிகள், நடுவில் இருப்பதைத் தவறவிடுவதை 2023இல் ஒரு ஆய்வு காட்டியது. அதன்பின் மாதிரிகள் நிறைய முன்னேறிவிட்டன. ஆனாலும் முழுவதையும் கொட்டினால் இன்னொரு சிக்கல் வரும். ஒரே வேலையைச் செய்யும் பழைய ஃபங்ஷனும் (ஒரு வேலைக்கான நிரல் பகுதி) புதியதும் புராஜெக்டில் கிடக்கும். புராஜெக்டில் எங்குமே பயன்படாத பழையதை ஏஐ அழகாகத் திருத்தித் தந்துவிடும்.

எங்கள் நாட்டு மென்பொருளில் மொழிபெயர்ப்புக் கோப்புகளையும் கவனிக்க வேண்டும். மூன்று மொழியில் தளம் செய்தால் சிங்களத்துக்கும் தமிழுக்கும் தனித்தனிக் கோப்பு இருக்கும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் குறைந்தது 3 பைட் எடுப்பவை. அதே வாக்கியத்துக்குப் பொதுவாக ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன் போகும். திகதிப் பிழைக்கு இவை எதற்கு? இவற்றோடு, லைப்ரரிகளை நிறுவும்போது தானாக உருவாகும் பேக்கேஜ்-லாக் கோப்பு, நோட் மாட்யூல்ஸ் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு விலக்குங்கள்.

மற்றப் பக்கத்துத் தவறு இதைவிட மோசமானது என்பேன். ‘தேவையானதை மட்டும்’ என்று கேட்டதும், திகதியைத் திரையில் காட்டும் பத்து வரியை மட்டும் வெட்டிக் கொடுப்பது. திகதி ஒரு நாள் பிசகினால் ஏஐ முதலில் சந்தேகிப்பது நேர வலயத்தை. இலங்கையின் நள்ளிரவு, உலகப் பொது நேரமான யூடிசியில் முந்தின நாள் மாலை 6.30. அதனால் அந்த ஊகம் மிகவும் நம்பும்படியாக இருக்கும். அதை நம்பி நிரலை மாற்றினால், சரியாக வந்தவர்களுடைய திகதியும் கெடும்.

உண்மையான காரணம் அடையாள அட்டை எண்ணிலேயே இருக்கிறது. பழைய எண்ணில் முதல் 2 இலக்கமும், 2016 முதல் வந்த 12 இலக்க எண்ணில் முதல் 4 இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். இந்தக் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாள்தான். 2001 மார்ச் 1இல் பிறந்தவருக்கு 61 என்று இருக்கும். நாட்காட்டியில் அது 60ஆவது நாள். 61ஐ அப்படியே மாற்றும் ஃபங்ஷன் மார்ச் 2 என்று சொல்லும். ஜனவரி, பெப்ரவரியில் பிறந்தவர்களுக்கும் லீப் ஆண்டில் பிறந்தவர்களுக்கும் பிழை தெரியாது.

ஆகவே அந்த எண் போகும் வழியைப் பாருங்கள். எண்ணை வாங்கும் இடம், அதைத் திகதியாக்கும் ஃபங்ஷன், அதன் டெஸ்ட், திரையில் காட்டும் வரிகள்: இவ்வளவும் போதும். கூடவே சரியாக வந்த இரண்டு உதாரணம், பிழையாக வந்த இரண்டு உதாரணம், ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய விடை. நிரலில் எழுதப்படாத விதி ஏதும் உங்களுக்குத் தெரிந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். எந்தக் கோப்பிலும் இல்லாத விதியை ஏஐ ஊகிக்கத்தான் முடியும். இந்த வழியைத் தேடும்போதே பாதிப் பேருக்குப் பிழை கண்ணில் பட்டுவிடும் என்பது என் எண்ணம்.

பிழைச் செய்தியைச் சொந்த வார்த்தையில் சுருக்காதீர்கள். ‘ஏதோ எரர் வருது’ என்பதைவிட, கோப்புப் பெயரும் வரி எண்ணும் உள்ள முழுச் செய்தி நூறு மடங்கு உதவும். பயன்படுத்தும் லைப்ரரியின் பதிப்பு எண்ணையும் சேருங்கள்.

உதாரணத்துக்காக உண்மையான விருந்தினரின் எண்ணைக் கொடுப்பது பெரிய தவறு. தனிப்பட்ட தரவைப் பாதுகாக்க இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்பித் தந்தவருடைய எண் அது. 2001, 061 என்று தொடங்கி மிச்ச இலக்கங்களை நீங்களே போட்டாலும் அதே பிழை வரும். கடவுச்சொற்கள் இருக்கும் டாட் என்வ் கோப்பும் வெளியே போகக்கூடாது.

கிளாட் கோட், கர்சர் போன்ற ஏஐ நிரல் கருவிகள் கோப்புகளைத் தாமே தேடி எடுக்கும். அப்போதும் தொடங்க வேண்டிய கோப்பின் பெயரைச் சொல்லுங்கள், தேடல் குறையும். அப்புறம், ஒரே உரையாடலை நாள் முழுக்க இழுக்காதீர்கள். காலையில் ஒட்டிய பழைய கோட் மேலே அப்படியே இருக்கும், மாலையில் ஏஐ அதை வைத்துப் பதில் சொல்லும். அடுத்த பிழைக்குப் புதிய உரையாடலைத் திறந்து, இப்போதைய கோப்பை மீண்டும் கொடுங்கள்.