கிணறு ஏறியது குழாய்த் தண்ணீராலா, மழையாலா? கணக்குப் போடும் முறை

அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே, பவானி ஆற்றின் உபரிநீர் 1.5 டி.எம்.சி.யை ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம், குட்டைகளுக்குக் குழாய் வழியே ஏற்றுகிறார்கள். கிணறு ஏறினால் திட்டம் வென்றது என்பார் ஒருவர்; மழை பெய்தது என்பார் இன்னொருவர். இருவர் பேச்சையும் சோதிக்கப் பொருளாதார அளவியலில் 'வேறுபாடுகளின் வேறுபாடு' என்றொரு முறை உண்டு.

முதல் படி: குழாய் வந்த குளங்களை ஒட்டிய கிணறுகள் ஒரு தொகுதி, வராத ஊர்க் கிணறுகள் இன்னொன்று. இதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம் – ஆழியாறு) வாய்க்கால் பாசன ஊர்களை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். கசிவுநீரே அங்கே கிணற்றை நிரப்பிவிடும். குழாய் வந்த குளத்துக்குப் பக்கத்து ஊரும் வேண்டாம், அந்த ஊற்று அங்கேயும் எட்டும். வானம் பார்த்த, அதே மண்வாகுள்ள ஊர்களைத் தேடுங்கள். இந்தத் தேடலுக்கு ஒரு வாரம் ஆனாலும் தகும்.

இரண்டாம் படி: அரசின் கண்காணிப்புக் கிணறுகளின் அளவுகளை மத்திய அரசின் நீர்வளத் தகவல் தளமான 'இந்தியா-விரிஸ்'-இல் எடுக்கலாம். மே மாதத்தை மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு எல்லாக் கிணறும் ஏறியிருக்கும். தரையிலிருந்து தண்ணீர் வரையுள்ள ஆழமே பதிவாகியிருக்கும் என்பதால் எண் குறைந்தால் நல்ல செய்தி.

மூன்றாம் படி, கழித்தல். எடுத்துக்காட்டுக்குக் கற்பனை எண்கள்: குழாய் வந்த ஊர்களில் 60 அடி 42 ஆனது, 18 அடி ஏற்றம். வராத ஊர்களில் 62 அடி 52 ஆனது, 10 அடி ஏற்றம். அந்த 10 மழையின் பங்கு. மிச்சம் 8 அடியே திட்டத்தின் பங்கு.

இந்த 8 நம்பத்தக்கதா? 2024-க்கு முந்தைய ஐந்தாண்டு அளவுகளைக் கோடாக வரையுங்கள். இரு கோடுகளும் சேர்ந்தே ஏறி இறங்கியிருந்தால் தொடரலாம். முன்பே விலகிப் போயிருந்தால் ஒப்பீட்டு ஊர்களை மாற்றுங்கள். எண் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள். அது ஊரை ஏமாற்றுவது.

பிறகு எக்செல்லிலேயே ரெக்ரஷன் (ஆழம் மாறியதில் ஒவ்வொரு காரணத்தின் பங்கையும் பிரித்துக் காட்டும் கணக்கு) போடலாம்: குழாய் வந்ததா (1/0), திட்டத்துக்குப் பிறகா (1/0), இரண்டின் பெருக்கல், மழையளவு என நான்கு நிரல்கள். பெருக்கல் நிரலுக்குக் கணக்கு தரும் எண்ணே, அதாவது அதன் கெழுவே, விடை. ஆழத்தை அளப்பதால் கழித்தல் குறியோடு வரும். அந்த எண்ணை, அதன் பிழை வரம்போடு (எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்ற அளவோடு), கிராம சபையில் வையுங்கள். விடுபட்ட குட்டைகளுக்குக் குழாய் கேட்கும் மனுவிலும் அதையே இணையுங்கள்.