ஊசி போட்ட இடம் சிவக்கிறதா, தடிக்கிறதா?

இன்சுலின், முடக்குவாதத்துக்கான அடலிமுமாப் போன்ற ஊசிகளை வீட்டிலேயே போட்டுக்கொள்பவர்களுக்கு, குத்திய இடத்தில் சிவப்பு, அரிப்பு, லேசான வீக்கம் வருவது சகஜம். பெரும்பாலும் சில நாளில் தானாக அடங்கும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலில் போடும் முறையைச் சரிபாருங்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போட்டால் எரியும். அடலிமுமாப் போன்றவற்றை 15 முதல் 30 நிமிடம் முன்பே வெளியே வைக்க வேண்டும். சரியான நேரம் பெட்டிக்குள் உள்ள தாளில் இருக்கும். வெந்நீரில் முக்குவதும் வெயிலில் வைப்பதும் கூடாது. சென்னை மே மாதத்தில் சமையலறை மேடைகூட ஆகாது, ஃபேன் ஓடும் அறையே சரி. ஃபிரீசர் பக்கம் போய் ஒருமுறை உறைந்த மருந்து, உருகினாலும் குப்பைக்குத்தான்.

வியர்வை இருந்தால் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு ஸ்பிரிட் தடவுங்கள். அது தானாகக் காயட்டும். ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட்டும் உள்ளே போய்ச் சுரீரென்று எரியும். வாயால் ஊதினால் துடைத்ததே வீண்.

இடத்தை மாற்றுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் இன்சுலின் போட்டு வந்தால், அங்கே கொழுப்பு திரண்டு ரப்பர் மாதிரிக் கட்டியாகும். வலி இருக்காது, அதனால் இன்னும் அங்கேயே குத்தத் தோன்றும். ஆனால் அங்கிருந்து இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. சுகர் காரணமில்லாமல் ஏறி இறங்கும். வயிற்றை நான்காகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பகுதி. ஒவ்வொரு ஊசிக்கும் முந்தையதிலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளி. தொப்புளைச் சுற்றி 5 செ.மீ. வேண்டாம். புடவை, வேட்டி, பேன்ட் இறுக்கும் இடுப்புக் கோட்டையும் விட்டுவிடுங்கள், வியர்வையும் உரசலும் சேர்ந்து அரிப்பைக் கிளப்பும். இன்சுலின் பென்னில் (பேனா மாதிரி ஊசிக் கருவி) மாட்டும் ஊசிமுனை ஒரு தடவைக்கு மட்டும். மழுங்கிய முனை தோலைக் கிழிக்கும். கட்டியிலிருந்து நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு இன்சுலின் கூடுதலாக வேலை செய்து லோ சுகர் வரலாம். ஆகவே அளவைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டு மாறுங்கள்.

சிவந்துவிட்டதா? ஐஸைத் துணியில் சுற்றி 10 நிமிடம் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். அரிப்பு தாங்கவில்லை என்றால் செடிரிசின் மாத்திரை, 1% ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு உதவும். டாக்டரிடம் கேட்டே எடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, டூத்பேஸ்ட் எதையும் அப்ப வேண்டாம். சிவப்பின் ஓரத்தைப் பால்பாயின்ட் பேனாவால் கோடிட்டு வையுங்கள். மறுநாள் கோட்டைத் தாண்டிப் பரவினால், சூடு, சீழ், காய்ச்சல் இருந்தால், அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றே டாக்டரைப் பாருங்கள்.

குத்தாத இடங்களிலும் உடம்பெங்கும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல், தலைசுற்றல் என்றால் களிம்பைத் தேடாதீர்கள், உடனே 108. அப்படி ஒருமுறை வந்துவிட்டால், டாக்டர் சொல்லும்வரை அந்த மருந்தை மறுபடி போடக் கூடாது.