எந்த கேம் எஞ்சின்? பரிசல் ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளில் படித்துக்கொண்டே முதல் கேம் செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேம் எஞ்சின் என்பது படம் வரைவது, மோதலைக் கண்டுபிடிப்பது போன்ற அடிப்படை வேலைகளைச் செய்துதரும் மென்பொருள்; அன்ரியல், யூனிட்டி, கோடாட் மூன்றில் எது நமக்குச் சரி என்று பார்ப்போம். ஒகேனக்கல் பாறைகளுக்கு நடுவே பரிசல் ஓட்டும் ஒரு 2டி கேம் செய்யப்போகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: போனை முடிவு செய்யுங்கள். வீட்டில் இருப்பதிலேயே பழைய ஆண்ட்ராய்டு போனை எடுத்து வையுங்கள். நொடிக்கு 60 பிரேம் (திரையில் வரையப்படும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம்) வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி செகண்டுதான். பரிசலின் சுழற்சி, மோதல், படம் வரைவது, எஞ்சினின் சொந்த வேலை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

படி 2: தேவையில்லாததைக் கழியுங்கள். அன்ரியல் 5-இன் நானைட்டும் (நுணுக்கமான 3டி உருவங்களைக் கையாளும் வசதி) லூமனும் (ஒளியைக் கணக்கிடும் வசதி) பிரமாண்டமான 3டி உலகங்களுக்கானவை; நம் பரிசலுக்கு அவற்றால் பயனில்லை. இன்ஸ்டால் செய்யவே பல பத்து ஜிபி இடம் போய்விடும். யூனிட்டி 2டிக்கு நன்றாகவே வரும், சி ஷார்ப் நிரல்மொழி தெரிந்தால் வேலையும் சுலபம். ஆனால் 2023-இல் இன்ஸ்டால் எண்ணிக்கைக்குக் கட்டணம் என்று அறிவித்து, 2024-இல் அதைக் கைவிட்டார்கள். எனவே உரிம விதிகளையும் படித்துவிடுங்கள். கோடாட் இலவசம், எம்ஐடி உரிமம் (யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் உரிமம்), டவுன்லோடும் சிறியது. பழைய லேப்டாப்பில் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

படி 3: சோதனைக் காட்சி. கோடாட் 4-இல் புது புராஜெக்ட் தொடங்கும்போது ரெண்டரராக (திரையில் படம் வரையும் பகுதி) 'காம்பாட்டிபிலிட்டி'யைத் தேர்ந்தெடுங்கள். பழைய கிராபிக்ஸ் சிப்பிலும் ஓடும். ஒரு பரிசல், 100 பாறைகள் போதும். கேமை ஆண்ட்ராய்டு ஆப்பாக மாற்றும் எக்ஸ்போர்ட்டை அமைத்துவிட்டு, யூஎஸ்பியில் போனை இணைத்து அதிலேயே ஓட்டுங்கள். லேப்டாப்பில் வரும் வேகத்தை நம்ப வேண்டாம்.

படி 4: அளந்து பாருங்கள். கோடாட்டின் டீபக்கரில் (ஓடும் கேமைச் சோதிக்கும் பகுதி) 'மானிட்டர்ஸ்' பகுதியைத் திறந்து, பாறைகளை 500, 1000 என்று கூட்டிக்கொண்டே போங்கள். பிரேம் எப்போது 60-க்குக் கீழே இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் எஞ்சினைத் திட்டாதீர்கள். ஒவ்வொரு பாறையும் ஒவ்வொரு பிரேமிலும் பரிசலுக்கான தூரத்தை ஸ்கிரிப்டில் கணக்குப் போட்டால் எந்த எஞ்சினும் திணறும். அந்த வேலையை, ஒரு பகுதிக்குள் எது நுழைகிறது என்று கவனிக்கும் கோடாட்டின் 'ஏரியா2டி'யிடம் விடுங்கள். மோதலை எஞ்சினே, ஸ்கிரிப்டைவிட வேகமான சி பிளஸ் பிளஸ் நிரலில் பார்த்துக்கொள்ளும். யூனிட்டியில் இதே சிக்கல் வேறு மாதிரி வரும். பாறைகளை அடிக்கடி உருவாக்கி அழித்தால், தேவையில்லாமல் போன நினைவகத்தை எஞ்சின் சுத்தம் செய்யும் நேரத்தில் கேம் ஒரு கணம் திக்கும். அங்கே பழைய பாறைகளையே திரும்பப் பயன்படுத்த வேண்டும்.

அப்புறம், போன் சூடானால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் பத்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் 60 நின்றால் அந்த எஞ்சினிலேயே தொடருங்கள்.