விருதுநகர் பக்கம் சாப்பிடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலிருந்து தெற்கே நான்குவழிச் சாலையைப் பிடித்தால் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று வரிசையாக மூன்று ஊர்கள் வரும். விருதுநகரிலிருந்து மேற்கே திரும்பினால் சிவகாசி தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர். சனி, ஞாயிறு இரண்டு நாளில் அவசரப்படாமல் சுற்றிவிட்டு வரலாம். பரோட்டா, காராச்சேவு, கடலை மிட்டாய், பால்கோவா, பதநீர், பன்னீர் சோடா என்று இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் இத்தனையும் கிடைக்கிற பகுதி தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. நண்பர்கள் கிளம்பும்போது கடைப் பேர் கேட்டு எனக்கு போன் பண்ணுவார்கள். எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். இந்தப் பக்கம் வந்து ஏமாந்து திரும்பியவர்களில் பாதிப் பேர் நல்ல கடைக்குத்தான் போயிருப்பார்கள், ஆனால் நேரம் கெட்ட நேரத்தில் போயிருப்பார்கள்.

மத்தியானம் ஒரு மணிக்கு விருதுநகரில் இறங்கி எண்ணெய் பரோட்டா தேடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் முதல் தவறு. அது ராத்திரிச் சாப்பாடு. சாயங்காலம் கல் சூடேறி, மாவு உருண்டைகள் எண்ணெயில் ஊறி, சால்னா கொதித்துத் தெளிந்து நிற்கும்போதுதான் கடைக்கு உயிர் வரும். ஏழு மணிக்கு மேல் கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கல்லில் எண்ணெய் தேங்கி நிற்கிறது, மாஸ்டர் வரிசையாகப் பரோட்டாவை அதில் இறக்குகிறார், ஓரமெல்லாம் நுரை கட்டிப் பொரிந்து, வெளியே மொறுமொறுவென்று பொன்னிறமாகும்வரை விடுகிறார், அப்புறம் நாலைந்தை ஒன்றாக அடுக்கி இரண்டு பக்கத்திலிருந்தும் கையால் அடிக்கிறார், மடிப்பு மடிப்பாக இளகி விழுகிறது. அடித்த சூட்டோடு இலைக்கு வரவேண்டும். மத்தியானம் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சாதாரணப் பரோட்டாவாகத்தான் இருக்கும், அதைச் சாப்பிட்டுவிட்டு 'இதுக்கா இவ்வளவு பேச்சு' என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

அந்தக் கடையில் உட்கார்ந்துகொண்டு 'எண்ணெய் கம்மியா போடுங்க' என்று கேட்பதும் வேண்டாம். எண்ணெயில் பொரிவதால்தான் அது எண்ணெய் பரோட்டா. உடம்புக்கு ஆகாது என்றால் ஒன்றை வாங்கி இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. சாப்பிடும் முறையும் முக்கியம்: சப்பாத்தியைக் குருமாவில் தொட்டுக்கொள்வது மாதிரி ஓரமாகத் தொட்டுச் சாப்பிட்டால் பாதி ருசி போய்விடும். பரோட்டாவைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துப் போட்டு, சால்னாவைத் தாராளமாக ஊற்றி, ஒரு நிமிஷம் விடுங்கள். அடியில் இருப்பது ஊறியிருக்கும், மேலே இருப்பது இன்னும் மொறுமொறுப்பாக இருக்கும், இரண்டையும் சேர்த்து எடுக்கிற அந்த முதல் வாய்க்காகவே இவ்வளவு தூரம் வரலாம். மட்டன் சுக்காவோ குடலோ வேண்டுமென்றால் உட்கார்ந்தவுடனே சொல்லிவிடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் 'தீர்ந்துபோச்சு' என்பார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் வெளியூர்க்காரர்கள் கை தானாக ஒரு கோக் பாட்டிலுக்குப் போகும். இந்த ஊரில் அப்படிச் செய்யாதீர்கள். காளிமார்க் 1916-இல் தொடங்கியது இதே விருதுநகரில்தான். அவர்களுடைய பொவண்டோவோ பன்னீர் சோடாவோ ஜில்லென்று ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அந்த எண்ணெய்க்கும் காரத்துக்கும் அது அவ்வளவு பொருத்தம்.

அடுத்தது சாலை. நான்குவழிச் சாலை வந்த பிறகு ஊர்களெல்லாம் ஒதுங்கிவிட்டன, பாலத்தின் மேலேயே போனால் சாத்தூர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆனால் சாலையோரம் கிலோமீட்டருக்கு ஒரு பலகை, 'சாத்தூர் காராச்சேவு', 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா', 'கோவில்பட்டி கடலை மிட்டாய்', எல்லாம் ஒரே கடையில். வண்டியை நிறுத்த வசதி, கழிப்பறை இருக்கிறது, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுவும் தேவைதான். நிறுத்துங்கள், டீ குடியுங்கள். பலகாரத்தை மட்டும் ஊருக்குள் போய் வாங்குங்கள். பத்து நிமிஷம்தான் கூடுதலாகும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், காராச்சேவு என்பது போட்ட அன்றைக்கு ஒன்று, பாக்கெட்டில் பத்து நாள் கிடந்த பிறகு வேறொன்று. சாத்தூரில் போடுகிற இடத்திலேயே பாருங்கள். கடலை மாவும் அரிசி மாவும் வத்தலும் பூண்டும் சேர்த்துப் பிசைந்த மாவை ஓட்டைக் கரண்டியில் வைத்து, கொதிக்கிற எண்ணெய்க்கு மேலேயே உள்ளங்கையால் தேய்த்துவிடுவார்கள். கை வேலை என்பதால் ஒரு சேவு நீளம், ஒரு சேவு குட்டை, ஒன்று தடிமன், ஒன்று மெலிசு. அந்த ஒழுங்கில்லாத வடிவம்தான் கையால் தேய்த்ததற்கு அடையாளம். ஆறவைத்த சேவை ஒன்று வாயில் போட்டால் முதலில் மொறுமொறுப்பு, அப்புறம் பூண்டு, எல்லாம் முடிந்த பிறகு தொண்டையில் வத்தல் காரம் வரும். சிக்கு வாடை துளி இருந்தாலும் வாங்காதீர்கள், பழைய எண்ணெய் அல்லது பழைய சரக்கு. கேட்டால் ருசி பார்க்கக் கொஞ்சம் கையில் தருவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு அதற்கு முந்தைய வருஷம், 2019-இல். இந்தச் செய்தி வந்ததிலிருந்து எல்லாப் பலகையிலும் 'ஒரிஜினல்' ஏறிவிட்டது. பலகையை விட்டுவிட்டுப் பொருளைப் பாருங்கள். கடலை மிட்டாயை உடைத்தால் 'டக்' என்று உடைய வேண்டும், வளைந்தால் பாகு பதம் சரியில்லை அல்லது ஈரம் ஏறிவிட்டது. கடலை நன்றாக வறுபட்ட வாசனை வரவேண்டும், வெல்லம் முன்னால் வந்து கடலையை அமுக்கக் கூடாது. மேலே நிறம் ஏற்றிய தேங்காய்த் துருவல் தூவியிருந்தால் பயந்துவிடாதீர்கள், அது பழைய வழக்கம்தான். கரிசல் காட்டு நிலக்கடலையும் தாமிரபரணித் தண்ணீரும்தான் ருசிக்குக் காரணம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

பால்கோவாவில் நடக்கிற தவறு வேறு மாதிரி. நிறையப் பேர் வெள்ளைவெளேரென்று இருப்பதைத்தான் நல்லதென்று நினைத்துத் தேடுகிறார்கள். பாலும் சீனியும் தவிர அதில் வேறு எதுவும் கிடையாது. அகலமான வாணலியில் பாலை ஊற்றி, அடி பிடிக்காமல் விடாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், நேரம் ஆக ஆகப் பால் சுண்டி லேசான பழுப்பு ஏறும். அந்த நிறம் நின்று காய்ச்சியதால் வருவது. நாக்கில் வைத்தால் மெல்லிய மணல் மாதிரி ஒரு நறநறப்பு இருந்து அப்படியே கரையும். ஆண்டாள் கோயிலைச் சுற்றி வரிசையாகக் கடைகள், கூட்டுறவுச் சங்கத்து விற்பனையும் உண்டு. எந்தக் கடையானாலும் இன்றைக்குக் காய்ச்சியதா என்று கேளுங்கள், முதலில் நூறு கிராம் வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் கிலோ கணக்கில் வாங்கலாம்.

வாங்கியதைக் கொண்டுபோவதில்தான் நான் ஒரு தடவை நன்றாக அடி வாங்கினேன். இறக்கிய சூடு ஆறாத பால்கோவா இரண்டு கிலோவை பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, இறுக்கமாக மூடி, பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்து ராத்திரி பஸ்ஸில் சென்னைக்கு எடுத்துப்போனேன். காலையில் வீட்டுக்குப் போனதும் திறக்காமல் சாயங்காலம் விருந்தாளிகள் வந்தபோதுதான் திறந்தேன். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், பால்கோவாவில் புளிப்பு வாடை. அம்மாவுக்கென்று வாங்கியது அப்படியே குப்பைக்குப் போனது. சூட்டில் மூடினால் நீராவி உள்ளேயே தண்ணீராகி இறங்கும், ஈரம் பட்ட பால் பண்டம் கெட்டுவிடும், அவ்வளவுதான் விஷயம். ஆறியதை வாங்குங்கள், அல்லது அறைக்குக் கொண்டுபோய்த் திறந்து ஆறவிட்டு மூடுங்கள். ஊருக்குத் திரும்புகிற அன்றைக்குக் கடைசியாக வாங்குவது இன்னும் நல்லது. முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர், இரண்டாம் நாள் கோவில்பட்டி என்று போடாமல் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள், கடலை மிட்டாய் தாங்கும், பால்கோவா தாங்காது. மிட்டாய்க்கும் சேவுக்கும் காற்றுப் புகாத டப்பா இருந்தால் போதும்.

பதநீர் விஷயத்தில் நேரமும் மாதமும் இரண்டுமே சரியாக இருக்க வேண்டும். பனை சுரக்கிற காலம் கோடையை ஒட்டித்தான், மாசி பங்குனியில் ஆரம்பித்து ஆனி ஆடி வரைக்கும் ஓடும். அந்த மாதங்களிலும் விடியற்காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவித்தான் கட்டுவார்கள், அதுதான் புளிக்காமல் காப்பது. அந்தச் சுண்ணாம்பு வாசனை லேசாக வரும், பழகாதவர்களுக்கு முதல் மடக்கில் வித்தியாசமாக இருக்கும், இரண்டாவது மடக்கில் சரியாகிவிடும். வெயில் ஏறிய பிறகு பதநீர் என்று யாராவது ஊற்றிக் கொடுத்தால் முகர்ந்து பாருங்கள், புளிப்பும் நுரையும் இருந்தால் வேண்டாம். கார்த்திகையில் சாலையோரம் பதநீர் விற்றால் வண்டியையே நிறுத்தாதீர்கள். காலையில் பனை ஓலைப் பட்டையில் ஊற்றி, சீசனாக இருந்தால் இரண்டு நுங்கையும் அதிலேயே நசுக்கிப் போட்டுக் கொடுப்பார்கள். பட்டையின் பச்சை வாசனையும் அதில் சேரும். டம்ளர் கேட்காமல் பட்டையிலேயே குடியுங்கள்.

ஆட்டோக்காரரிடம் 'இங்க நல்ல ஹோட்டல் எது' என்று கேட்டால் ஏசி போட்ட லாட்ஜ் ஹோட்டல் வாசலில்தான் விடுவார். அவர் மேல் தப்பில்லை, வெளியூர்க்காரருக்கு எது பிடிக்கும் என்று அவர் நினைக்கிறாரோ அதைக் காட்டுகிறார். 'அண்ணே, நீங்க ராத்திரி எங்க சாப்பிடுவீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். முகமே மாறும். கடையோடு சேர்த்து, அங்கே எது நன்றாக இருக்கும், எத்தனை மணிக்குள் போகணும் என்பது வரை சொல்லிவிடுவார்.

நாள் பார்க்காமல் கிளம்புவதும் உண்டு. புரட்டாசியில் பல வீடுகளில் கறி கிடையாது என்பதால் கறிக் கடைகளில் கூட்டம் குறைவு, சிலர் கடையையே மூடிவிடுவார்கள். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர், ஊரே நிரம்பியிருக்கும், நிதானமாக நின்று பால்கோவா ருசி பார்க்க முடியாது. ஆடி கடைசி வெள்ளிக்குச் சாத்தூர் பக்கத்தில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக நடந்து வருவார்கள், சாலையே நிறைந்துவிடும். ஆனால் திருவிழா பார்க்கவே வருகிறீர்கள் என்றால் அது வேறு. அப்போது சீரணி மிட்டாய் போடுகிற கடை கண்ணில் பட்டால் விடாதீர்கள். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவைப் பிழிந்து பொரித்து வெல்லப் பாகிலோ கருப்பட்டிப் பாகிலோ முக்கி எடுப்பார்கள். ஜிலேபி மாதிரி இருக்கும், ஆனால் கடித்தால் உள்ளே சூடான பாகு, மண் வாசனையோடு ஒரு இனிப்பு.

கோடையில் மரத்தடியில் கம்மங்கூழ் விற்கிற ஆச்சிகளிடம் அஞ்சு பத்து குறைத்துக் கேட்காதீர்கள், தயவுசெய்து. முந்தின நாளே கம்பை இடித்துக் காய்ச்சி, காலையில் மோர் விட்டுக் கரைத்து, மோர் மிளகாய், கொத்தவரை வத்தல், மாங்காய்த் துண்டு என்று நாலைந்து கிண்ணம் தொட்டுக்க வைத்து உட்கார்ந்திருப்பார்கள். கேட்காமலேயே இன்னொரு மிளகாய் எடுத்து வைப்பார்கள். அவர்களை போட்டோ எடுப்பதென்றால் 'ஒரு படம் எடுத்துக்கவா ஆச்சி' என்று கேட்டுவிட்டு எடுங்கள், பெரும்பாலும் சேலையைச் சரிசெய்துகொண்டு சிரிப்பார்கள். கரைக்கிற தண்ணீர் எங்கிருந்து என்பதை மட்டும், குறிப்பாகச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால், பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வயிறு தண்ணீர் மாறினாலே படுத்துவிடும்.

வயிறு என்றதும் ஒன்று. ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள். காலையில் பதநீர், பதினோரு மணிக்குக் கால் கிலோ பால்கோவா, மத்தியானம் பிரியாணி, ராத்திரி ஆறு பரோட்டா என்று போனால் மறுநாள் லாட்ஜ் அறையில்தான் கிடக்க வேண்டியிருக்கும். ராத்திரி பரோட்டா என்றால் மத்தியானம் தயிர்ச் சோறோடு நிறுத்துங்கள்.

ரயிலில் திரும்புகிறவர்கள் சாத்தூர் ஸ்டேஷன் வருகிறபோது தூங்கிவிடாதீர்கள். வெள்ளரிப் பிஞ்சுக் கூடையோடு யாராவது ஏறுவார்கள். நீளவாக்கில் நாலாகக் கீறி, நடுவில் உப்பும் வத்தல் தூளும் தேய்த்துத் தருவார்கள், கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கடிக்க வேண்டும். வண்டி அங்கே ரொம்ப நேரம் நிற்காது, சில்லறையைக் கையில் தயாராக வைத்திருங்கள்.